எறிபந்து ஆட்டக்காரரின் பலத்தை அளப்பது எப்படி? தோட்டத் திடலில் தொடங்குகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எறிபந்து (ஹேண்ட்பால்) குழுவை முதல் முறையாகக் கையில் எடுக்கும் ஆசிரியர்களும் பழைய ஆட்டக்காரர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நம்ம பிள்ளைங்கள்ல யாருக்குப் பலம் இருக்கு, யாருக்கு இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்கச் சொல்வேன். இந்தப் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு முன்னால் இருந்த பலம் இப்போது கூடியிருக்கிறதா? எந்தக் கால், எந்தத் தோள் பின்தங்கி நிற்கிறது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் அளக்கிறோம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவதற்காக அளந்தால், கடைசியில் நிற்கும் பிள்ளை அடுத்த வாரம் திடலுக்கு வரமாட்டாள்.

பள்ளியில் செகாக் என்ற உடற்தகுதிச் சோதனை நடக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பார்கள். பலகையில் ஏறி இறங்குவது, தண்டால், அரைவாசி எழுந்து வயிற்றை இறுக்குவது, உட்கார்ந்து முன்னால் எட்டித் தொடுவது எல்லாம் பொதுவான உடல்நலத்துக்கு நல்ல அளவுகள். அந்தத் தாளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எறிபந்து வேறு மாதிரியான ஆட்டம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று எட்டுத்தான் வைக்கலாம், மூன்று விநாடிதான் வைத்திருக்கலாம். அதற்குள் கோலைச் சுற்றியுள்ள 6 மீட்டர் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி எழும்பி, காற்றில் இருக்கும்போதே எறிந்து, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். நடுவில் ஒருவர் வந்து தோளில் மோதுவார். இருபது தண்டால் எடுக்கும் பையனால் இதையெல்லாம் செய்ய முடியுமா என்று தண்டால் எண்ணிக்கை சொல்லாது.

அதனால் இரண்டு விதமாகப் பார்க்கிறோம். ஒரு தசை எவ்வளவு விசையோடு இழுக்கிறது, தள்ளுகிறது என்பது தசை பலம். அந்தப் பலம் ஓட்டத்திலும் தாவலிலும் எறிதலிலும் வேலைக்கு ஆகிறதா என்பது செயல்திறன். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத பிள்ளைகள் நிறைய. எதிர்மாறாகவும் உண்டு: ஒல்லியாக இருப்பான், கைப்பிடி பலம் சுமார்தான், ஆனால் கால், இடுப்பு, தோள், மணிக்கட்டு என்று விசையை வரிசையாகக் கடத்தத் தெரிந்தவன் பந்தைச் சீறவிடுவான்.

அளக்கும் நாளுக்கு முன்னால்

இந்தப் பகுதியை யாரும் விரும்பிப் படிப்பதில்லை. ஆனால் தப்பு நடப்பது முக்கால்வாசி இங்கேதான்.

நான் தொடங்கிய வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், இரண்டு மணி நேரப் பயிற்சி முடிந்த கையோடு எல்லோரையும் எறியச் சொல்லி அளந்தேன். ஒரு பையனின் தூரம் குறைவாக வந்தது. முதல் அணியிலிருந்து அவனை எடுத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து, ஓய்வெடுத்துவிட்டு வந்த காலையில், அதே பந்தை ஒரு மீட்டர் கூடுதலாக எறிந்தான். அவனுக்குப் பலம் எப்போதும் இருந்தது. நான் அளந்தது அவன் களைப்பை. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகு களைத்த உடம்பை நான் அளப்பதே இல்லை.

எனவே ஆட்டமோ கடும் பயிற்சியோ முடிந்து இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். எனக்கு ஒத்துவருவது சனிக்கிழமை காலை ஏழரை மணி. வெயில் ஏறியிருக்காது. சாயங்காலம் வைத்தால் நம்மூரில் இடியும் மழையும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இடி கேட்டால் உடனே எல்லோரையும் கூரைக்குக் கீழே கொண்டு போய்விட வேண்டும். அடுத்த தடவை அளக்கும்போதும் அதே நேரம், அதே இடம், அதே பந்து, முடிந்தால் அதே காலணி. தார்த் தளத்தில் ஒரு தடவை, ஈரப் புல்லில் ஒரு தடவை என்று அளந்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது.

பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, மயக்கம், பழைய அடி உண்டா என்று கேட்டு வையுங்கள். காலையில் பிள்ளை வந்ததும் சாப்பிட்டாளா என்று கேளுங்கள். அம்மாவும் அப்பாவும் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடும் வீடுகள் இங்கே அதிகம். நிறைய பிள்ளைகள் வெறும் வயிற்றோடுதான் வருவார்கள். நான் ரொட்டியும் மைலோவும் எடுத்துப் போவேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து அவர்களுக்கு அளப்பேன், அதுவரை அவர்கள் எண் எழுதட்டும்.

இன்னொன்று. எடை பார்ப்பதை ஒதுக்குப்புறமாக வையுங்கள். எண்ணை உரக்கப் படிக்காதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சரோ அக்காவோ எடை பார்க்கட்டும். மாதவிடாய் வலி இருந்தால் அன்று விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் சங்கடம் இருக்காது.

தேவையான சாமான்கள்: 30 மீட்டர் அளவு நாடா, சுண்ணக்கட்டி, கூம்புகள், இரண்டு ஸ்டாப்வாட்ச், மெதுவோட்டப் படம் எடுக்கும் கைப்பேசி, பயணப் பெட்டியைக் கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசு, மெடிசின் பந்து என்னும் 2 கிலோ கனப் பந்து, கெட்டி அட்டை போட்ட நோட்டு. மெடிசின் பந்து வாங்க வசதியில்லாத பள்ளியில், பழைய கூடைப்பந்தில் கீறல் போட்டு, மணலைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்து, சுற்றிப் பழந்துணியைத் திணித்துத் தைத்தோம். சந்தையில் மீன்காரர் தராசில் வைத்து 2 கிலோவுக்குச் சரி பார்த்தோம். அந்தப் பந்து நான்கு வருடம் உழைத்தது.

பத்துப் பதினைந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றிய பிறகு தொடங்குங்கள். வரிசை முக்கியம்: முதலில் உயரம், எடை, அப்புறம் தாவல், பிறகு எறிதல், தோள், அதன் பின் குறுவிரைவு ஓட்டம், மூச்சு வாங்கவைக்கும் நீண்ட ஓட்டம் கடைசியில், அல்லது வேறு நாளில்.

சுவரில் தாவுவது

பக்கவாட்டில் சுவரை ஒட்டி நின்று, குதிகால் தரையில் இருக்க, கையை நீட்டித் தொடும் உயரத்தைக் குறியுங்கள். விரல் நுனியில் சுண்ணக்கட்டிப் பொடி தடவி, முழங்காலை மடக்கி எழும்பி, எட்டும் உச்சியில் சுவரைத் தட்டச் சொல்லுங்கள். இரண்டு குறிகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் தாவல் உயரம். ஓடி வந்து எழும்பக் கூடாது. மூன்று தடவை, நடுவில் ஒரு நிமிட ஓய்வு, சிறந்ததை எழுதுங்கள்.

சுவர் இல்லாவிட்டால் கைப்பேசியில் படம் எடுக்கலாம். கால் தரையை விட்ட கணத்திலிருந்து திரும்பத் தொட்ட கணம் வரை எவ்வளவு நேரம் என்று பாருங்கள். அந்த நேரத்தை அதே நேரத்தால் பெருக்கி, 9.81 ஆல் பெருக்கி, 8 ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். அரை விநாடி காற்றில் இருந்தால் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் நேரம் கூடுதலாகக் காட்டும்; நீட்டிய காலோடு இறங்கினால் மட்டும் கணக்கில் எடுங்கள்.

ஒற்றைக்கால் தாவல்

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கோட்டில் ஒற்றைக் காலில் நின்று, முன்னோக்கித் தாவி, அதே காலில் இறங்கி, இரண்டு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஆடினாலோ மற்றக் காலை ஊன்றினாலோ அந்தத் தாவல் சேராது. கோட்டிலிருந்து குதிகால் வரை அளக்கவும். ஒவ்வொரு காலுக்கும் பழக இரண்டு, அளக்க மூன்று.

அப்புறம் குறைந்த தூரத்தை அதிகத் தூரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். வலது கால் 140 சென்டிமீட்டர், இடது கால் 122 என்றால் 87 விழுக்காடு. பொதுவாக 90க்கு மேல் இருக்க வேண்டும் என்று பார்க்கிறோம். வலது கைக்காரர் ஜம்ப் ஷாட்டுக்கு எழும்புவது இடது காலில். அதனால் இடது கால் கொஞ்சம் முன்னே இருந்தால் இயல்பு. எழும்பும் காலே பின்தங்கியிருந்தால் என்ன காரணம் என்று விசாரிக்க வேண்டும்.

எண்ணைவிட இறங்கும் விதத்தை உற்றுப் பாருங்கள். படிவம் 4 மாணவி ஒருத்தி, குழுவிலேயே நன்றாக எழும்புகிறவள். தூரமெல்லாம் அருமையாக வந்தது. படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, இடது பாதம் தரையைத் தொட்டதும் முழங்கால் பெருவிரலுக்கு உள்பக்கமாகச் சாய்ந்து, இடுப்பு மறுபக்கம் தொங்கி, ஒரு கணம் கழித்துத்தான் நேரானது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "இல்லயே சார், நல்லாத்தான் இருக்கு," என்றாள். வலி இல்லைதான். ஆனால் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் கிழிவதற்கு இந்த ஆட்டத்தில் இரண்டு வழிகள் பிரதானம்: காலை ஊன்றித் திசை திருப்புவது, எறிந்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவது. பெண் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். தொடைப் பின்தசைக்கும் இடுப்புப் பக்கத் தசைக்கும் பயிற்சி கொடுத்தோம். தாவி இறங்குவதைக் கண்ணாடி முன்னால் தினமும் பழகினாள். மூன்று மாதத்தில் முழங்கால் பாதத்துக்கு நேராக வந்தது. தூரம் 4 சென்டிமீட்டர்தான் கூடியது. எனக்கு அந்த நேர்கோடு போதும்.

இது வீண் வேலை இல்லை. நார்வேயில் 120 கிளப்புகளைச் சேர்ந்த 15 முதல் 17 வயது எறிபந்து ஆட்டக்காரர்கள் 1,837 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2005இல் வெளிவந்தது. சமநிலை, இறங்கும் முறை, பலம் ஆகியவற்றுக்கான பயிற்சியை உடம்பைச் சூடேற்றும் நேரத்திலேயே சேர்த்துக்கொண்ட குழுக்களில் முழங்கால், கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அதற்கு இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

எறிதல்

இரண்டு எறிதல் போதும். முதலாவது உட்கார்ந்து தள்ளுவது. சுவரில் முதுகு ஒட்டி, காலை நீட்டி உட்கார்ந்து, 2 கிலோ பந்தை மார்பிலிருந்து இரண்டு கையாலும் தள்ள வேண்டும். முதுகு சுவரை விட்டு விலகக் கூடாது. பந்தை லேசாக நனைத்துவிட்டால் தார்த் தளத்தில் விழுந்த இடம் ஈரமாகத் தெரியும். சுவரிலிருந்து அங்கே வரை அளக்கலாம். காலும் இடுப்பும் உதவாதபோது மேலுடம்பு என்ன செய்கிறது என்பதை இது காட்டும்.

இரண்டாவது, கோலுக்கு எதிரே உள்ள 7 மீட்டர் கோட்டிலிருந்து உண்மையான எறிதல். வேகம் அளக்கும் ரேடார் நம்மிடம் இருக்காது. கைப்பேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் வசதி இருந்தால், பக்கவாட்டில் நிற்கவைத்துப் படமெடுங்கள். பந்து கையை விட்ட படத்திலிருந்து கோல் கோட்டைத் தொட்ட படம் வரை எண்ணுங்கள். 84 படங்கள் என்றால் 0.35 விநாடி. 7 மீட்டரை அதனால் வகுத்தால் விநாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். பந்தை விடும்போது கை கோட்டைத் தாண்டி வந்துவிடும் என்பதால் உண்மையான வேகம் இதைவிடச் சற்றுக் குறைவு. இருந்தாலும் ஒரே முறையில் அளக்கும்வரை, அந்தப் பிள்ளை முன்னேறுகிறாளா என்று பார்க்க இது தாராளம். உலகத் தர ஆண் ஆட்டக்காரர்கள் 100 கிலோமீட்டரைத் தாண்டி எறிகிறார்கள். அந்த எண்ணைப் பிள்ளைகளிடம் இலக்காகச் சொல்லாதீர்கள், தோளைத்தான் கெடுத்துக்கொள்வார்கள்.

பந்தின் அளவில் கவனம் வேண்டும். 12 முதல் 16 வயதுப் பையன்களுக்கும் 14 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் இரண்டாம் எண் பந்து, 325 முதல் 375 கிராம். 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு மூன்றாம் எண், 425 முதல் 475 கிராம். சிறு கைக்குப் பெரிய பந்தைக் கொடுத்துவிட்டுப் பலமில்லை என்று எழுதுவது நியாயமே இல்லை.

வேகத்தோடு குறியையும் பாருங்கள். கோலின் நான்கு மூலையிலும் அரிசிச் சாக்கை அரை மீட்டருக்கு மடித்துக் கட்டுங்கள். பத்து எறிதலில் எத்தனை பட்டது என்று வேகத்துக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். வேகம் கூடிக் குறி பாதியானால், அந்தப் பலம் இன்னும் ஆட்டத்துக்குள் வரவில்லை.

தோளின் பின்பக்கம்

எறிகிறவர்களுக்கு முன்பக்கத் தசை தானாக வளர்ந்துவிடும். எறிந்த கையை நிறுத்திப் பிடிக்கும் பின்பக்கச் சுழற்றுத் தசைகள் பின்தங்கிவிடும். தோள் வலி பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பும். பிசியோதெரபிஸ்டுகள் இதற்குக் கையடக்க விசைமானி வைத்திருப்பார்கள். திடலில் பெட்டி எடை பார்க்கும் தராசு அந்த வேலையைச் செய்யும்.

வேலிக் கம்பத்தில் முழங்கை உயரத்துக்குத் தராசின் ஒரு முனையை நீளாத நைலான் கயிற்றால் கட்டுங்கள். கொக்கியில் ஒரு பெல்ட் வளையம் மாட்டுங்கள். வலது கையை அளக்க, கம்பம் இடது பக்கம் இருக்கும்படி நிற்க வேண்டும். முழங்கை விலாவை ஒட்டி, நேர்கோணத்தில் மடங்கி, நடுவில் மடித்த துண்டு ஒன்று. துண்டு விழுந்தால் அந்த முயற்சி சேராது. வளையத்தை மணிக்கட்டில் மாட்டி, வெளிப்பக்கமாக மெல்ல விசை கூட்டி ஐந்து விநாடி இழுக்கட்டும். வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பிறகு மறுபக்கம் திரும்பி நின்று, உள்பக்கமாக அதே மாதிரி. ஒவ்வொன்றும் மூன்று தடவை, அரை நிமிட ஓய்வோடு.

உள்பக்கம் 12 கிலோ, வெளிப்பக்கம் 8 கிலோ என்றால் மூன்றில் இரண்டு பங்கு. முக்கால் பங்குக்குக் கீழே வந்தாலோ, எறியும் கையின் வெளி இழுப்பு மற்றக் கையைவிடக் குறைந்தாலோ எறியும் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைத்து, ரப்பர் பட்டைப் பயிற்சி கொடுக்கத் தொடங்குங்கள். நார்வேயின் 45 உயர்நிலை அணிகளில் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், வாரம் மூன்று தடவை பத்து நிமிடம் இப்படிச் செய்த அணிகளுக்குத் தோள் பிரச்சினை வரும் வாய்ப்பு 28 விழுக்காடு குறைவாக இருந்தது. இழுக்கும்போது வலித்தால் அளக்காதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஓட்டம், எடை தூக்குவது

10 மீட்டர், 20 மீட்டர் ஓட்டத்தைக் கோட்டுக்கு அரை மீட்டர் பின்னால் நின்று தொடங்கட்டும். ஸ்டாப்வாட்சைக் கையால் அழுத்தினால் மின்கருவியைவிடச் சுமார் கால் விநாடி குறைவாகக் காட்டும். எனவே இரண்டு பேர் நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள், எப்போதும் அதே இருவர். 20 மீட்டரில் 0.05 விநாடி முன்னேற்றம் என்று யாராவது கைக்கடிகாரத்தை வைத்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

தாங்கும் திறனுக்கு யோயோ சோதனை நல்லது. 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 விநாடி நடந்து ஓய்வெடுத்து, ஒலிக்கு ஏற்ப வேகம் கூட்டிக்கொண்டே போவது. எறிபந்துத் தளத்தின் அகலமே 20 மீட்டர் என்பதால் தனியாகக் கோடு போட வேண்டியதில்லை.

எடை தூக்கும் சோதனையை, முறையாகத் தூக்கக் குறைந்தது இரண்டு மூன்று மாதம் பழகியவர்களுக்கு மட்டும் வையுங்கள். ஒரே ஒரு தடவை தூக்கும் உச்ச எடையைத் தேட வேண்டாம். ஐந்து தடவை ஒழுங்காகத் தூக்கும் எடையைக் கண்டுபிடித்து, அதோடு அதன் ஆறில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். 40 கிலோ என்றால் உச்சம் ஏறக்குறைய 47.

மாநில அணி வரை போகும் பிள்ளைகளுக்குக் கோலாலம்பூரில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் ஆய்வுக்கூடம் வரை வாய்ப்பு வரலாம். அங்கே சீரான வேகத்தில் முழங்காலை மடக்கி நீட்டவைக்கும் ஐசோகினெடிக் கருவியில், பின்தொடை பலம் முன்தொடை பலத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். துல்லியமான கருவிதான். ஆனால் உட்கார்ந்தபடி ஒரு மூட்டை மட்டும் அளக்கும். அந்தத் தாளோடு உங்கள் ஒற்றைக்கால் தாவல் படத்தையும் அனுப்பிவையுங்கள்.

நோட்டு

ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, நேரம், தளம், பந்து, உறக்கம், வலி, பிறகுதான் எண்கள். முதல் அளவுக்கு ஒரு வாரம் கழித்து, புதிய பயிற்சி எதுவும் கொடுக்காமல், அதே சோதனையை இன்னொரு தடவை செய்யுங்கள். இரண்டுக்கும் இடையே தானாக வரும் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று தெரியும். தாவல் தூரம் சும்மாவே 5 சென்டிமீட்டர் கூடிக் குறைகிறது என்றால், பின்னால் 3 சென்டிமீட்டர் கூடியதை முன்னேற்றம் என்று எழுத முடியாது. வளரும் வயது என்பதால் உயரத்தையும் எடையையும் ஒவ்வொரு தடவையும் சேர்த்து எழுதுங்கள். நோட்டை அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் தவிர வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.

பருவம் தொடங்குமுன், நடுவில், முடிந்த பின் என்று வருடத்துக்கு மூன்று தடவை அளந்தால் போதும். வரும் சனிக்கிழமை முதல் தடவையாகச் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒற்றைக்கால் தாவல், உட்கார்ந்து தள்ளுவது, தோள் இழுப்பு மூன்றை மட்டும் வையுங்கள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர்கள் இருந்தால் பத்து மணிக்குள் முடிந்துவிடும். வெயில் ஏறுமுன் வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.